நாலாம் நம்பர் பாரிட்டில் இரண்டு மணி நேரம்

'தனிப் படகு' என்று போட்டிருந்தது.
தனி என்றால்
வேறு ஆள் ஏற மாட்டார்கள் என்று
தியோ போனில் இரண்டு தரம் சொன்னான்.
ஆலை வாசலில் ஒன்பது லாரி ஹாரன் அடிக்க
எடைமேடைச் சன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டு
சரி என்றேன்.
முந்நூற்று எண்பது வெள்ளி.
சாப்பாடு, குடிக்க, ஐஸ்பெட்டி எல்லாம் சேர்த்து.
மின்மினிக்கு உத்தரவாதம் இல்லை.

கூட்டு எனக்கு விழுந்த மாதம்.
கூரைத் தகரம் மாற்ற எண்ணி வைத்த பணம்.
குணவதியையும் புஷ்பராணியையும் கூப்பிட்டேன்.
யாருக்குப் பிறந்தநாள் என்றாள் ஒருத்தி.
யாருக்கும் இல்லை.
பிறகு எதுக்கு?
எதுக்கும் இல்லை, வாங்கடி.

போன வருஷம் வரை
செம்பனைக் குலை சுமந்த படகு அது.
இப்போது நீலப் பாய், ஆறு மெத்தை,
பிளாஸ்டிக் மல்லிகைச் சரம், பாட்டரி விளக்கு.
எத்தனை முறை கழுவினானோ,
பலகை இடுக்கில் எண்ணெய் வாடை அப்படியே.
புஷ்பராணி மூக்கைச் சுளித்தாள்,
அவள் கையுறைத் தொழிற்சாலை.
எனக்கு அது வாடை என்றே தோன்றவில்லை.

தண்ணீர் தே ஓ நிறம்.
இரு கரையிலும் மரம், மரம்,
தாரில் எழுதிய நம்பர்.
பதினாலு வருஷமாக
முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு என்று
சீட்டில் எழுதி எழுதிக் கை பழகிய பிலாக்குகள்
ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.
இதுதானா முப்பத்திரண்டு!
இந்தப் பள்ளத்திலா அத்தனை டன்?
சைக்கிளோடு நின்ற ஒரு பங்களா பையன்
எங்களைப் பார்த்துக் கையாட்டினான்,
பிறகு யாரோ பார்த்துவிட்டதுபோல்
கையை இறக்கிக்கொண்டான்.

இறால் சம்பல், மீகூன்,
பண்டோங் ஒரு ஜக்.
அடியில் துணி சுற்றிய ஸ்டவுட் மூன்று.
குணவதி நுரையை மட்டும் குடிப்பேன் என்றாள்.
நுரைக்கு அப்புறம் இன்னொரு நுரை.
நான் ஓவர்டைமில் இருக்கேன்டி என்று
தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்,
வீட்டில் சொன்ன அதே குரலில்.

மதகுக்கு முன்னால் படகு உட்கார்ந்துவிட்டது.
மேலே மழையாம்,
கதவைத் திறந்து ஆற்றுக்கு விட்டுவிட்டார்களாம்.
தியோ கழியை ஊன்றினான், சீன மொழியில் திட்டினான்,
சிகரெட் பற்றவைத்தான்.
மதகுமேல் அந்தோணிராஜ்
போனில் பந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
எட்டரைக்குத்தான் மூடுவேன் என்றார்.
சாப்பாடு என்ன என்றார்.
டப்பாவில் சம்பல் வைத்து
கழிநுனியில் மாட்டி அனுப்பினோம்.
ஸ்டவுட் தீர்ந்துவிட்டது என்று
மூன்று பேரும் ஒரே நேரத்தில் பொய் சொன்னோம்.

சேற்றில் நிற்கும் படகில்
கிளம்பவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது.
என் வாழ்நாளில் அவ்வளவு நேரம்
யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.
புஷ்பராணி வளையல்களைக் கழற்றி
மடியில் அடுக்கினாள், திரும்பப் போட்டாள்.
ஓர் உடும்பு நீந்தாமல்
நடந்தே பாரிட்டைக் கடந்தது.

கதவு இறங்கிய சத்தம்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு மெத்தைக்குக் கீழே ஒரு நடுக்கம்.
லாரி ஏறியதும்
நம்பர் ஒரு நொடி தடுமாறுமே, அது மாதிரி.
நிறைய எடை, வெற்று எடை,
கழித்தால் வருவது சரக்கு.
மூன்று பெண்கள், ஒரு தியோ,
எலும்புத் தட்டு, காலிப் புட்டி.
எதை எதில் கழிப்பது என்று யோசிக்குமுன்
மிதந்துவிட்டோம்.

மின்மினி ஒன்று வந்தது.
ஒன்றே ஒன்று.
தியோ அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை,
கூடுதல் நேரத்துக்கு நாற்பது வாங்கிக்கொண்டான்.

ராத்திரி ஊத்தான் மெலிந்தாங் முழுக்க மழை.
வீட்டில் நாலு இடத்தில் சொட்டியது.
வாளி மூன்றுதான்.
அந்தோணிராஜ் கழுவாமல் திருப்பித் தந்த டப்பாவை
நாலாவது சொட்டுக்கு வைத்தேன்.
விடியும்போது பார்த்தால்
விளிம்புவரை சிவப்பாக நிறைந்திருந்தது.